பத்துக்குப் பத்தில் எத்தனை பாய்

பள்ளி விடுமுறை விட்டதும் கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் பல வீடுகளில் ஒரே கணக்கு ஓடும். பிடதியில் இருக்கும் வொண்டர்லா பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். தங்கவயலிலிருந்து பெங்களூர் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், அங்கிருந்து மைசூர் ரோட்டில் இன்னும் முப்பது. போய், விளையாடி, அன்றைக்கே திரும்பினால் பாட்டிக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் உடம்பு தாங்காது. ஒரு ராத்திரி தங்க வேண்டும். அப்பா அம்மா, மூன்று பிள்ளைகள், சித்தப்பா சித்தி, அவர்கள் பிள்ளைகள் இரண்டு, பாட்டி, சென்னையிலிருந்து வந்திருக்கும் அத்தை என்று எண்ணினால் பதினொரு பேர். அறைக்குப் பதிவுசெய்யப் போனால் முதலில் வரும் கேள்வி, பெரியவர் எத்தனை, குழந்தை எத்தனை. ஓர் அறைக்கு இரண்டு பெரியவர், ஒரு குழந்தை. கூட ஒரு தலை என்றால் எக்ஸ்ட்ரா பெட். ஆக நாலு அறை, இல்லையென்றால் மூன்று அறையும் இரண்டு எக்ஸ்ட்ரா பெட்டும். குடும்பம் பெரிது, அறை சிறிது, அதுதான் சிக்கல் என்று இதை முடித்துவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓர் அறை எத்தனை பேரைக் கொள்ளும் என்பதைச் சுவரின் நீளமும் அகலமும் கொஞ்சம்தான் தீர்மானிக்கின்றன. கட்டியவர் யாரை நினைத்துக் கட்டினார், யாரை எண்ணினார், யாரை எண்ணாமல் விட்டார் என்பதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. இதற்குச் சாட்சி சொல்ல ராபர்ட்சன்பேட்டையைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. வேறொருவர் போட்ட தலைக்கணக்குக்குள் குடும்பத்தை அடக்கும் வேலையை இந்த ஊர் நூற்று நாற்பது வருஷமாகச் செய்துவருகிறது.

1880இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கே சுரங்க நிர்வாகத்தைக் கையிலெடுத்தபோது இது பாறையும் புதருமான மேட்டு நிலம். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கோலார் தங்கவயலில் 38,204 பேர். இருபது வருஷத்தில் ஒரு நகரமே வந்து இறங்கியிருக்கிறது. வந்தவர்களில் பெரும் பகுதி வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்த தமிழும் தெலுங்கும் பேசிய மக்கள். சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் மிகப் பலர் ஆதி திராவிடர். இவர்களுக்குக் கம்பெனி போட்டுக்கொடுத்தது லைன் வீடு. மூங்கிலைப் பிளந்து பின்னிய தட்டிதான் சுவர். குனிந்து நுழையும் வாசல், ஒரே அறை, அதற்குள்ளேயே அடுப்பு, பக்கத்து வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவில் ஒரு தட்டி. அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் குழந்தை விழிக்கும். பிற்பாடு தட்டி இருந்த இடத்தில் கல்லும் செங்கலும் வந்தன, கூரைக்குத் தகரமும் ஓடும் வந்தன. அறை என்னவோ பல லைன்களில் ஒன்றாகவே நின்றது. பத்துக்குப் பத்து என்று இன்றைக்கும் மக்கள் வாயில் வழங்கும் அளவு அதுதான்.

அந்த அளவு எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். கம்பெனி எண்ணியது ஆளை. குடும்பம் அந்தக் கணக்கில் ஒரு பொருளாகவே இல்லை. வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். உள்ளே இறங்குகிறவன் ஒருவன், அவனுக்குத் தலை சாய்க்க ஓர் இடம், அவ்வளவுதான் கணக்கு. இது தங்கவயலில் மட்டும் நடந்ததில்லை. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்க் கூலிகளுக்குப் போட்ட லயமும் இதே தர்க்கம்தான்; அங்கே காம்பரா என்பார்கள், பத்துக்குப் பன்னிரண்டு அடி என்பது வழக்கமான அளவு. மலேயாவின் ரப்பர் தோட்டத்திலும் வரிசையாக லயங்கள் நின்றன. கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முதலாளி வேறு, பயிர் வேறு, ஆனால் தமிழ்க் கூலிக் குடும்பத்துக்கு வெட்டிய துணி ஒரே அளவு. ஆளுக்கு என்று கொடுத்த அந்த அறைக்குள் மனைவி வந்தாள், பிள்ளைகள் பிறந்தார்கள், ஊரில் மழை பொய்த்த வருஷம் தம்பி வந்தான், வேலை தேடி மச்சான் வந்தான், தனியாகிப்போன தாயார் வந்தாள். ஒருவனுக்கு அளந்த அறையில் எட்டுப் பேர்.

பணமோ தொழில்நுட்பமோ இல்லாததால் அறை சிறியதாக இருந்தது என்று யாரும் சமாதானம் சொல்ல முடியாது. 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து இந்தச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள்; அன்றைய உலகத்தில் அது பேசப்பட்ட வேலை. பேத்தமங்கலத்தில் பாலாற்று நீரைத் தேக்கிய ஏரியிலிருந்து தண்ணீர் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. இவ்வளவும் செய்யத் தெரிந்தவர்களுக்கு ஓர் அறைக்குப் பக்கத்தில் இன்னோர் அறை கட்டத் தெரியாமல் இல்லை. அதே கம்பெனி தன் ஐரோப்பிய அதிகாரிகளுக்குப் பங்களா கட்டியது. முன்னால் தோட்டம், சுற்றி வராந்தா, உறங்க ஓர் அறை, உண்ண ஓர் அறை, விருந்தாளி வந்தால் அவருக்கு ஓர் அறை, வேலைக்காரர்களுக்குப் பின்கட்டு. குட்டி இங்கிலாந்து என்று இந்த ஊரைச் சொன்னது அந்தப் பங்களாக்களைப் பார்த்துத்தான். ஒரே முதலாளி, ஒரே மண், ஒரே பாறை. ஒரு மனிதனுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்ற கேள்விக்கு அங்கே இரண்டு விடை இருந்தது. அறையின் கொள்ளளவை நிர்ணயிப்பது கட்டுகிறவரின் கணக்கு என்று நான் சொல்வதற்கு இதுதான் முதல் ஆதாரம்.

எட்டுப் பேர் அந்த அறையில் எப்படி அடங்கினார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். முதல் விஷயம் பாய். ஒரு கோரைப்பாய் விரித்தால் இரண்டரை அடிக்கு ஆறடி, அதாவது பதினைந்து சதுர அடி. சுருட்டினால் கை தடிமனில் சுவர் மூலையில் சாய்ந்து நிற்கும். நூறு சதுர அடியில் ஆறு பாய் விரிந்தால் தரையே தெரியாது. விடிந்து சுருட்டினால் அதே இடம் சமையல்கட்டு, அப்புறம் பிள்ளைகள் எழுதிப் படிக்கும் இடம், சாயங்காலம் விருந்தாளி உட்காரும் கூடம். உத்திரத்தில் புடவைத் தொட்டில், அதனால் கைக்குழந்தைக்குத் தரையில் இடம் வேண்டாம். குறுக்கே ஒரு கொடி கட்டி அதில் துணி தொங்கினால் அதுவே மறைப்பு. தகரப் பெட்டி உட்கார ஆசனமும் ஆகும், கல்யாணப் புடவையும் பத்திரமாக இருக்கும். பெரியவர்கள் வாசலுக்கு வெளியே கயிற்றுக் கட்டிலில். இரண்டாவது விஷயம் ஷிப்ட். சுரங்கம் இரவு பகல் ஓடியது. சங்கு ஊதினால் ஒரு ஷிப்ட் இறங்கும், ஒரு ஷிப்ட் ஏறும். அப்பா ராத்திரி ஷிப்ட்டில் பூமிக்குள் இருக்கும்போது அவர் பாயில் மகன் படுத்திருப்பான். மகன் பள்ளிக்கூடம் போன பிறகு அப்பா வந்து அதே பாயில் சாய்வார். அந்த வீட்டில் எட்டுப் பேர் வாழ்ந்தார்கள், ஆனால் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் தூங்கிய ராத்திரி அபூர்வம். மூன்றாவது, தெரு. லைனில் வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவில் கோடு கிடையாது. அரைப்பது, குளிப்பாட்டுவது, தலை வாருவது, சண்டை, பேச்சுவார்த்தை எல்லாம் வெளியே.

இப்போது விடுதி அறையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அறை என்று வைத்துக்கொண்டால் 144 சதுர அடி. லைன் வீட்டைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. குளியலறை தனி. ஆனால் நடுவில் ஆறுக்கு ஆறரை அடியில் ஒரு டபுள் காட், அதன் இரண்டு பக்கமும் சின்ன மேசை, எதிரில் டி.வி. மேசை, மூலையில் அலமாரி, சன்னலோரம் இரண்டு நாற்காலி. கட்டிலைச் சுருட்டி வைக்க முடியாது. பகலெல்லாம் அது காலியாக, முப்பத்தொன்பது சதுர அடியை அடைத்துக்கொண்டு நிற்கும். தூங்கும் நேரத்துக்காகப் போட்ட பொருள் இருபத்துநான்கு மணி நேரமும் இடத்தைப் பிடிக்கிறது. அதைச் சுற்றி நடக்க விட்ட சந்துகள் பாய் விரிக்கப் போதாத அகலம். தெரு இல்லை, கதவைத் திறந்தால் தரைவிரிப்புப் போட்ட நடைபாதை, அங்கே பாட்டி காலை நீட்டி உட்கார முடியாது. ஷிப்ட்டும் இல்லை, ஏனென்றால் விளையாடிக் களைத்த பதினொரு பேருக்கும் ஒரே நேரத்தில் தூக்கம் வரும். ஆக அறை பெரிதாகி, கொள்ளும் ஆள் குறைந்திருக்கிறது. அந்த அறை ஒரு கணவன் மனைவியை நினைத்து வடிவமைத்தது, அதனால் அவர்களைத் தவிர எல்லோரும் அங்கே எக்ஸ்ட்ரா.

இந்த இடத்தில் ஒரு கடுமையான மறுப்பு வரும், வர வேண்டும். வறுமையைக் கலை என்று புகழ்கிறாயா என்று யாரும் கேட்கலாம். லைன் வீட்டின் நெருக்கடி பாராட்டத்தக்கது என்று நான் சொன்னால் அது பொய்யாகும். பாறைத்தூள் நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் இந்த ஊரின் சொந்த நோய்போல் இருந்தது. காசநோய் கூடச் சேர்ந்தால், எட்டுப் பேர் ஒரே காற்றை மூச்சுவிடும் அறையில் அது என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை. எல்லாவற்றையும்விட, அந்த அறைக்குக் கழிப்பிடம் இல்லை. லைன்களுக்குப் பொதுவாக எடுப்புக் கக்கூஸ் வரிசை. அதைக் கையால் வாரிச் சுத்தம் செய்ய ஒரு சாதி மக்கள். தங்கவயலில் அந்த வேலை செய்த குடும்பத்தில் 1966இல் பிறந்தவர்தான் பேஜவாடா வில்சன். மனிதக் கழிவை மனிதர் அள்ளும் வேலையை ஒழிக்க அவர் தொடங்கிய போராட்டம் இந்த ஊரின் கக்கூஸ்களைப் படமெடுத்துக் காட்டியதிலிருந்து வளர்ந்தது. 2016இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. கையால் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 1993இலேயே வந்துவிட்டது. தங்கவயலில் அந்த வேலை அதற்குப் பிறகும் பல வருஷம் நீடித்தது. ஆகவே எட்டுப் பேர் ஓர் அறையில் அடங்கினார்கள் என்று சொல்லும்போது, அடங்காத பாதியைத் தலையில் சுமந்தவர்கள் யார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். இருட்டுக்காகக் காத்திருந்த பெண்களையும் சேர்த்து.

இந்த மறுப்பை நான் முழுதாக ஏற்கிறேன். ஏற்ற பிறகும் என் வாதம் அப்படியே நிற்கிறது, சொல்லப்போனால் பலப்படுகிறது. மக்கள் நெருக்கியடித்து வாழ ஆசைப்பட்டு வாழவில்லை. வாய்ப்புக் கிடைத்த லைன்களில் முன்னால் ஒரு தட்டி இறக்கி இன்னோர் அறை சேர்த்துக்கொண்டார்கள். இன்றைக்கு அந்த லைன்களில் நடந்தால் ஆதி அறைக்கு முன்னும் பின்னும் ஒட்டுக்கட்டிய சுவர்களைப் பார்க்கலாம். கம்பெனியின் கணக்கை அவர்கள் பேசாமல் ஒப்புக்கொள்ளவும் இல்லை. 1930இல் தொழிலாளர்களின் கைரேகையை எடுத்துப் பதிவுசெய்யக் கம்பெனி முனைந்தபோது சுரங்கங்கள் மூன்று வாரம் போல நின்றன, கம்பெனிதான் பின்வாங்கியது. எங்களை எப்படி எண்ணுவது என்பதில் எங்களுக்கும் பேச்சு உண்டு என்று ஒரு நகரமே சொன்ன சம்பவம் அது. அடங்கிப் போகத் தெரிந்தவர்கள் என்று இந்த மக்களை எழுதுவது தவறு. அடங்கும் கலை அவர்கள்மேல் சுமத்தப்பட்டது. அதை அவர்கள் திறமையாக்கிக்கொண்டார்கள்.

ராபர்ட்சன்பேட்டையே அடங்காதவர்களுக்காகப் பிறந்த ஊர்தான். சுரங்க நிலம் கம்பெனியுடையது. அங்கே கம்பெனிக்கு வேண்டியவர்கள் இருக்கலாம். மீதிப்பேர் எங்கே போவது? கடைக்காரர், வட்டிக்காரர், தையல்காரர், வாத்தியார், சுரங்கத்தில் வேலை இல்லாத உறவுக்காரர் எல்லோரும் சந்துகளில் நெருங்கினார்கள். 1898இல் மைசூர் சமஸ்தானத்துக்குள் பிளேக் நுழைந்த பிறகு நெருக்கடி என்ற சொல்லுக்கே வேறு பயம் வந்துவிட்டது. அந்தக் காலகட்டத்தில் திட்டமிட்டு, நேர்க்கோட்டில் தெருவும் குறுக்குத் தெருவுமாகப் போட்ட புதிய பேட்டைக்கு அன்றைய மைசூர் ரெசிடெண்ட் டொனால்டு ராபர்ட்சனின் பெயரை வைத்தார்கள். இன்றும் முகவரி சொல்லும்போது எத்தனையாவது கிராஸ் என்றுதான் சொல்கிறோம். மிச்சப்பட்டவர்களுக்காகப் போட்ட இந்தப் பேட்டை பிற்பாடு முழு ஊருக்கும் பெயராகிவிட்டது. 2011 கணக்கெடுப்பில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வாழும் நகரம் ராபர்ட்சன்பேட்டை என்ற பெயரில்தான் பதிவாகியிருக்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி. தலைக்கணக்கில் வராதவர்களின் இடம் கடைசியில் தலைப்பாகவே ஆகிவிட்டது.

இனி பயணத்துக்கு வருவோம். 1894இல் பவுரிங்பேட்டையிலிருந்து, இன்றைய பங்காருபேட்டையிலிருந்து, தங்கவயலின் மாரிகுப்பத்துக்கு ரயில் வந்தது. தங்கவயல் குடும்பங்கள் கூட்டமாக வெளியூர் போகும் வழக்கம் இந்தப் பதினாறு கிலோமீட்டர் கிளைப்பாதையில் தொடங்கியது என்று சொல்லலாம். திருப்பதி, வேளாங்கண்ணி, சொந்த ஊர்த் திருவிழா, மைசூர் தசரா. எங்கே தங்கினார்கள்? தமிழில் இதற்குப் பழைய விடை சத்திரம். மதுரையில் ராணி மங்கம்மாள் சத்திரம், 1802இல் சரபோஜி மன்னர் ஒரத்தநாட்டில் எழுப்பிய முக்தாம்பாள் சத்திரம், சென்னை சென்ட்ரலுக்கு எதிரே ராமசாமி முதலியார் சத்திரம், பெங்களூர் ரயில் நிலையத்துக்கு அருகே குப்பி தோட்டதப்பா சத்திரம். சத்திரத்தின் அமைப்பைப் பாருங்கள்: கூடம், தாழ்வாரம், முற்றம், கிணறு, அடுப்படி. எத்தனை பேர் என்று அது கேட்கவில்லை, எத்தனை நாள் என்று கேட்டது. மூன்று நாள் என்பது பரவலான வழக்கம். பாயும் மூட்டையும் நாம் கொண்டுபோக வேண்டும். பதினொரு பேர் போனாலும் பதினெட்டுப் பேர் போனாலும் ஒரு தூணிலிருந்து அடுத்த தூண்வரை ஒரு குடும்பம். பெரிய குடும்பத்துக்கு இதைவிட இசைந்த கட்டடம் இந்தியாவில் கட்டப்பட்டதில்லை என்று சொல்லத் தோன்றும்.

சொல்லக் கூடாது. தங்கவயலிலிருந்து எழுதும் ஒருவர் அதைச் சொல்லவே கூடாது. சத்திரம் தலையை எண்ணாமல் இருந்ததற்குக் காரணம், வாசலிலேயே சாதியை எண்ணியதுதான். இன்ன சாதிக்கு இன்ன கட்டு, இன்னாருக்குச் சமைத்த சோறு, இன்னாருக்கு அரிசி பருப்பு, இன்னாருக்கு ஒன்றுமில்லை என்ற பிரிவினை பல அறச்சாலைகளின் சாசனத்திலேயே இருந்தது. சாம்பியன் ரீஃபிலிருந்து புறப்பட்ட ஆதி திராவிடக் குடும்பத்துக்குப் பல சத்திரங்களின் முற்றம் எட்டாத இடம். மரத்தடியும் ரயில்நிலையத் திண்ணையும்தான். இது அந்த மக்களுக்குத் தெரியாமல் இல்லை. மாரிகுப்பத்தில் பௌத்த சங்கம் வேரூன்றிய ஊர் இது. சாதியை எதிர்த்த பௌத்தச் சிந்தனையாளர் அயோத்திதாசரின் ‘தமிழன்’ இதழ் அவர் மறைவுக்குப் பின் 1926இல் மறுபடி வெளிவந்தது தங்கவயலிலிருந்துதான். சாதி கேட்கும் தர்மத்தைச் சந்தேகிக்கக் கற்ற நகரம். ஆகவே சத்திரம் போய் லாட்ஜ் வந்ததை ஒரு வீழ்ச்சியாக எழுதும் கட்டுரைகளோடு என்னால் சேர முடியாது. காசை வைத்தால் சாவியைக் கொடுக்கும் இடம், கொள்கை அளவிலாவது, சாதியைக் கேட்காத இடம். தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு வறண்ட கணக்குத்தான். ஆனால் குலத்துக்கு இவ்வளவு என்ற கணக்கைவிட நியாயமானது. லாட்ஜுக்கு அந்தப் பெருமையைக் கொடுத்துவிட்டுத்தான் அதைக் குறைசொல்ல வேண்டும்.

குறை என்னவென்றால், சாதியைக் கேட்காத அந்தக் கணக்கு குடும்பம் என்றால் என்ன என்பதைத் தானாக முடிவுசெய்துகொண்டு வந்தது. இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா வரைக்கும் போய்வரலாம், ஏனென்றால் பொழுதுபோக்குப் பூங்காவும் அதையொட்டிய விடுதியும் அங்கே ஒரே காலத்தில் வளர்ந்தவை. 1951இல் மெம்ஃபிஸ் நகரத்துக் கட்டடத் தொழிலதிபர் கெம்மன்ஸ் வில்சன் மனைவியோடும் ஐந்து பிள்ளைகளோடும் வாஷிங்டனுக்குக் காரில் போனார். வழிநெடுகச் சாலையோர விடுதிகள் அறை வாடகையோடு பிள்ளைக்கு இரண்டு டாலர் வீதம் கூடுதலாகக் கேட்டன. ஐந்து பிள்ளைகளும் பெற்றோர் அறையில்தான் தூங்கினார்கள். அந்தக் கோபத்தில் மறு வருஷம் மெம்ஃபிஸில் அவர் தொடங்கியதுதான் ஹாலிடே இன். பெற்றோரோடு தங்கும் பிள்ளைக்குக் காசு கிடையாது என்பது அதன் அறிவிப்பு. 1955இல் டிஸ்னிலேண்ட் திறந்தபோது விடுமுறைக் குடும்பம் என்ற வடிவம் அங்கே உறுதியாகிவிட்டது: ஒரு கார், ஒரு தம்பதி, அவர்கள் பெற்ற பிள்ளைகள். வில்சனின் கணக்கு அந்தக் காலத்துக்குத் தாராளமானது. ஆனால் அதிலும் பாட்டி இல்லை, சித்தப்பா இல்லை, அத்தை இல்லை. உலகமெங்கும் போன விடுதி அறை இந்தக் குடும்பத்தை உள்ளே வைத்துக்கொண்டே போனது. பிடதியில் பூங்கா 2005இல் திறந்தது. நுழைவுச்சீட்டுக்கு அங்கே குழந்தையின் உயரத்தை அளக்கிறார்கள். வயதைப் பற்றிய தகராறு இல்லாமல் சுவரிலேயே கோடு. நல்ல முறைதான். அறைக்கு வந்தால் அப்படி ஒரு கோடு இல்லை, வேறு நாட்டில் போட்ட கோடு மட்டும் இருக்கிறது.

இதற்கும் ஒரு மறுப்பு உண்டு. ஓர் அறைக்கு இவ்வளவு பேர் என்று வரம்பு வைப்பது பாதுகாப்புக்காக. தீப்பிடித்தால் வெளியேற வேண்டும், தண்ணீர் போத வேண்டும், ஒரு கழிவறையைப் பதினொரு பேர் பயன்படுத்த முடியாது. கழிப்பிடத்தை எண்ணாமல் கட்டிய அறை என்ன கதியைக் கொண்டுவரும் என்று மேலே எழுதிய நான் இதை மறுக்கவே முடியாது. வரம்பு வேண்டும். ஆனால் இரண்டு பெரியவர் ஒரு குழந்தை என்ற வரம்பு தீயையும் தண்ணீரையும் கணக்கிட்டு வந்ததா, கட்டிலைக் கணக்கிட்டு வந்ததா? பாதுகாப்புக்காக வைத்த வரம்பைக் காசு கொடுத்துத் தாண்ட முடியக் கூடாது. எக்ஸ்ட்ரா பெட்டுக்குப் பணம் கட்டினால் நாலாவது ஆள் உள்ளே வரலாம் என்றால், அந்த அறை நாலு பேருக்குப் பாதுகாப்பானது என்று விடுதியே சொல்கிறது. தரையில் விரிக்கும் ஒரு மெத்தைக்கும், வீட்டிலிருந்து கொண்டுபோன பாய்க்கும் தீயணைப்பு நோக்கில் வித்தியாசம் ஒன்றும் இல்லை. அந்த வரம்பு ஒரு விலை. அதை விலை என்று சொன்னால் பேரம் பேசலாம். விதி என்று சொன்னால் பதினொரு பேர் குற்றவாளிகள்போல இரண்டிரண்டு பேராக வரவேற்பறையைக் கடக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. பெரிய குடும்பம் என்பதே மறைந்துவருகிறது, மறையும் ஒன்றுக்காக அறையை மாற்றுவானேன் என்பது. எண்கள் அவர்கள் பக்கம்தான். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் கர்நாடகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைகள் 1.7, தமிழ்நாட்டில் 1.8. ராபர்ட்சன்பேட்டையிலும் எட்டுப் பேர் வீடு இன்று அரிது. ஆனால் தங்கவயலின் கதை இந்த எண்ணோடு முடிவதில்லை. 1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் எடுத்துக்கொண்ட சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அதற்குப் பிறகு இந்த ஊர் விடிவதற்கு முன் மாரிகுப்பம் ரயிலேறிப் பெங்களூர் போய் இருட்டிய பின் திரும்பும் ஊர். அண்ணன் பெங்களூரில் வாடகை வீட்டில், தம்பி சென்னையில், அக்கா புருஷன் வளைகுடாவில், பாட்டி மட்டும் லைனில். வீடு சிறுத்தது, குடும்பம் சிறுக்கவில்லை, சிதறியது. சிதறியவர்கள் ஒரே கூரையின் கீழ் ஒரு ராத்திரி படுப்பது இப்போது கல்யாணத்தில், சாவில், பிறகு விடுமுறைப் பயணத்தில். பத்துக்குப் பத்தில் தினமும் நடந்த காரியம் வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும் காரியமாகிவிட்டது. அந்த ஒரு முறையும் நாலு கதவுக்குப் பின்னால் நாலாகப் பிரிந்து படு என்கிறது விடுதி. கணக்கெடுப்பில் குடும்பம் என்பது ஒரே அடுப்பில் சமைப்பவர்கள். பயணத்தின் குடும்பம் வேறு. வருஷம் முழுக்க நாலு அடுப்பில் சமைத்தவர்கள் ஒரு ராத்திரிக்காவது சேர்ந்து படுக்க வருகிறார்கள். பெரிய குடும்பம் இன்று உயிரோடிருக்கும் இடம் பயணம்தான், ஆகவே அதற்கு அறை வேண்டியதும் அங்கேதான்.

மக்கள் தங்கள் பங்குக்கு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். டூரிஸ்ட் வேன் எடுத்து ராத்திரி முழுக்க ஓடி, விடியும்போது பூங்கா வாசலில் இறங்குவது ஒரு வழி. தூக்கம் சீட்டில், குளியல் காசு கொடுத்துக் குளிக்கும் இடத்தில். இரண்டு அறை எடுத்துப் பெண்களும் பிள்ளைகளும் ஒன்றில், ஆண்கள் ஒன்றில் என்று பிரித்துக்கொள்வது இன்னொன்று. அப்போது அறை தம்பதிக்கு என்ற நினைப்பே உடைந்துபோகிறது. கட்டில் மெத்தையை இறக்கித் தரையில் போட்டு, கட்டிலின் மேல் இரண்டு பேர், மெத்தையில் மூன்று பேர், கொண்டுபோன பாயில் பாட்டி. சுற்றுலா ஊர்களில் கல்யாண மண்டபத்தின் அறைகளைக் கேட்டு வாங்குவோரும் உண்டு. ஊரை விட்டு ஒரு தலைமுறை ஆன பிறகும் லைன் வீட்டின் கை இவற்றில் தெரிகிறது.

வேறு மாதிரி கட்ட முடியாதா என்றால், கட்டியிருக்கிறார்கள், அதுவும் ராபர்ட்சன்பேட்டையிலிருந்து வி.கோட்டை, பலமநேர், சித்தூர் வழியாக அரை நாளில் போய்விடக்கூடிய தூரத்தில். திருமலையில் தேவஸ்தானம் நடத்தும் யாத்திரிகர் வசதி வளாகங்களில் அறை கிடையாது. பெரிய பெரிய கூடங்கள். சுவரோரம் வரிசையாகப் பூட்டுப் பெட்டகங்கள். கழிவறையும் குளியலும் தனியாக, நிறைய. வாடகை இல்லை. பத்திரமாக வைக்க வேண்டியது பெட்டகத்துக்குள் போய்விடுவதால் நாலு சுவரும் கதவும் தேவைப்படவில்லை. தலைக்கு ஒரு கட்டில் இல்லாததால் எக்ஸ்ட்ரா என்று யாரும் இல்லை. சத்திரத்தின் கூடம் இங்கே திரும்பி வந்திருக்கிறது, வாசலில் சாதி கேட்ட ஆள் இல்லாமல். லைன் வீட்டின் பாய் இருக்கிறது, எடுப்புக் கக்கூஸ் இல்லாமல். காசு வாங்கும் ஒரு பூங்கா விடுதி இதை இப்படியே நகலெடுக்க முடியாது என்பது சரி. ஆனால் கட்டில் போடாத ஒரு பெரிய கூடத்தை, நாலு கழிவறையோடு, குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடத் தடை எதுவும் இல்லை. புரட்டாசிச் சனிக்கிழமைக்கு முந்தின ராத்திரி அந்தத் திருமலைக் கூடத்தில் பாருங்கள். தூணோரம் ஒரு குடும்பம் பாயை விரித்து, ஒன்றின் ஓரத்தின் மேல் அடுத்ததன் ஓரம் ஏறும்படி, இடைவெளி விடாமல் சேர்த்துக்கொண்டிருக்கும். நடுவில் பிள்ளைகள், சுவர்ப்பக்கம் பாட்டி, வெளிப்பக்கம் ஆண்கள். எத்தனை பேர் என்று யாரும் கேட்பதில்லை. இன்னும் ஒருவர் வந்தால் ஆளுக்கு ஒரு சாண் நகர்ந்துகொள்கிறார்கள்.